முதலாண்டு வகுப்புக்கு ‘என் கதை’ அசைன்மென்ட்: யாரையும் காட்டிக்கொடுக்காமல் நடத்துவது எப்படி?

சுண்ணக்கட்டி

வணக்கம். கலை அறிவியல் கல்லூரி, பி.ஏ. முதலாண்டு, 42 பேர். தகவல்தொடர்புத் திறன் தாளின் இன்டர்னலில் ஒரு பகுதியாக, ஒவ்வொருவரும் தன் சொந்தக் கதை ஒன்றை இரண்டரை நிமிட வீடியோவாகச் செய்து தர வேண்டும் என்று துறையில் முடிவாகியிருக்கிறது. சில ஃபோட்டோக்கள், மேலே சொந்தக் குரல், அவ்வளவுதான். கையில் இருப்பது மாணவர்களின் ஃபோன்கள், 20 கம்ப்யூட்டர் உள்ள ஒரு லேப், ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு பீரியட் (ஒவ்வொன்றும் 50 நிமிடம்). என்னோடு இன்னொரு ஆசிரியரும் இருப்பார்.

வகுப்பில் பார்வையற்றவர்கள் இருவர், காது கேளாதவர் ஒருவர், பேச்சில் திக்கல் உள்ளவர் ஒருவர். பாதிக்கு மேல் முதல் பட்டதாரிகள். கணிசமானோர் ஹாஸ்டல். சிலருக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை.

தெரிய வேண்டியவை: என்ன கேள்வி கொடுத்து எழுதச் சொல்வது? மார்க் எதற்குப் போடுவது? முடிந்ததும் நல்ல வீடியோக்களை யூட்யூபில் ஏற்றி நாக் (கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் அமைப்பு) ஃபைலில் ‘பெஸ்ட் பிராக்டிஸ்’ என்று காட்டலாம் என ஐக்யூஏசியில் (கல்லூரியின் உள் தர உறுதிக் குழு) சொல்கிறார்கள். அதற்குச் சம்மதப் படிவம் எப்படி இருக்க வேண்டும்? பார்வையற்றவர்களும் காது கேளாதவரும் இதே வேலையை எப்படிச் செய்வது? அவர்களுக்கு விலக்கு கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

வட்டமேசை

விலக்கு வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரிதான். வேலையின் வடிவத்தை எல்லோருக்கும் சேர்த்து மாற்றினால் விலக்குக்குத் தேவையே வராது. அதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி அசைன்மென்ட் பெரும்பாலும் கேள்வித்தாளிலேயே கெட்டுப்போகிறது.

‘நீ யார்?’, ‘உன் போராட்டம் என்ன?’, ‘தடைகளைத் தாண்டி வந்த கதை’ என்ற மூன்றையும் கேட்காதீர்கள். கேட்டால் பாதி வகுப்பு ஒரே கதையைக் கொடுக்கும். அப்பா கூலி வேலை, அம்மா தோட்டை அடகு வைத்தார், நான் படித்து ஐ.ஏ.எஸ். ஆவேன். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் முகத்தைப் பார்த்து, அவருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் அது. ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பி நிரப்பியே அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் எதிர்பார்ப்பு இன்னும் குறுகல். ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், தானே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014-ல் சிட்னி டெட்எக்ஸ் மேடையில் இதைப் போட்டு உடைத்தார்: ஊனம் இல்லாதவர்கள் தங்கள் வாழ்க்கை பரவாயில்லை என்று ஆறுதல் அடைவதற்காக எங்களைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள் என்று. உங்கள் பார்வையற்ற மாணவர் கிரிக்கெட் கமென்டரி பைத்தியமாக இருக்கலாம். அவர் கதை அதுவாகவே இருக்கட்டும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. சாதுவாகத் தெரியும் பல கேள்விகள் சாதியைத்தான் விசாரிக்கின்றன. ‘உங்கள் தெரு’, ‘குலதெய்வக் கோவில் கொடை’, ‘தாத்தாவின் தொழில்’, ‘ஊர்த் திருவிழாவில் உங்கள் பங்கு’ எல்லாமே அப்படித்தான். தெருப் பெயரைக் கேட்டாலே ஆளைக் கண்டுபிடித்துவிடும் வட்டாரங்கள் உண்டு. ஃபோட்டோவிலும் இதே கதை: கையில் கட்டிய கயிற்றின் நிறம், பின்னால் தெரியும் தெருப்பலகை, சுவரில் உள்ள தலைவர் படம். பள்ளிகளில் சாதியை ஒழிப்பது பற்றி நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது சும்மா இல்லை. காட்டுவதா வேண்டாமா என்பது மாணவர் முடிவு. ஆனால் ‘இந்தப் படத்திலிருந்து என்னென்ன தெரியவரும்’ என்று உட்கார்ந்து பார்க்கக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தெரியாமல் வெளிப்படுவதுதான் ஆபத்து.

அதனால் அடையாளத்தைக் கேட்காமல் பொருளை, வேலையை, ஒரு கணத்தைக் கேளுங்கள். தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருக்கும் ஒரு பொருள். வீட்டுக்காரர்கள் இல்லாமல் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். உங்களுக்குக் கைவந்த, வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு வேலை. ஒரு சொல்லுக்கு நீங்கள் நினைத்திருந்த அர்த்தம் தப்பு என்று தெரிந்த நாள். இதில் எதை எடுத்தாலும் அடையாளம் வரலாம், வராமலும் போகலாம். கதவைத் திறப்பவர் மாணவர். ‘மறக்க முடியாத காட்சி’ என்று எழுதாதீர்கள். ‘மறக்க முடியாத சத்தம் அல்லது வாசனை’ என்று ஒரு கேள்வி வைத்தால் எல்லோருக்கும் பொருந்தும், கதையும் பெரும்பாலும் நன்றாக வரும்.

கூடவே ஒரு மாற்று வழியும் வேண்டும்: பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு அவர் கதை, அல்லது முழுக் கற்பனை. அதே மார்க். முதல் நாள் அதே மூச்சில் அறிவிக்க வேண்டும். யாராவது அதை எடுத்தால் ‘ஏன்?’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் அந்த வழியை வைத்ததே வீண்.

இனி வட்டம். சொந்தக் கதையைச் சிறு வீடியோவாக்கும் இந்த முறை 1990-களில் கலிபோர்னியாவில் உருவானது, அதை உருவாக்கிய அமைப்புக்குப் பின்னாளில் ஸ்டோரிசென்டர் என்று பெயர் வந்தது. எழுதுவதற்கு முன் சிறு குழுவாக வட்டமாக உட்கார்ந்து வாயால் சொல்லிப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர். உங்கள் கணக்கு: ஆறு பேர் வீதம் ஏழு குழு. ஒருவருக்கு 4 நிமிடம் சொல்ல, 6 நிமிடம் மற்றவர்கள் பேச. ஆறு பேருக்கு ஒரு மணி நேரம். விதிகளைச் சொல்ல, முடித்துவைக்க 20 நிமிடம், மீதி தாமதத்துக்கு. ஆக இரண்டு பீரியட் சேர்த்து வேண்டும். ஆசிரியர்கள் இருவர் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு குழு, மொத்தம் நான்கு அமர்வு, இரண்டு வாரம். மற்றவர்கள் அந்நேரம் லேபில் எழுதட்டும். ஒரு குழுவைக் கூட ஆசிரியர் இல்லாமல் விடாதீர்கள்.

குழு பிரிக்கும்போது ஒரே ஊர் பஸ்ஸில் வருபவர்களையும் ஒரே ரூம்மேட்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். வகுப்பில் சொன்னது சாயந்திரமே வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆளுக்கொரு சீட்டு கொடுத்து ‘யாரோடு ஒரே குழுவில் இருக்க விரும்பவில்லை, ஒரு பெயர் எழுதலாம், எழுதாமலும் விடலாம்’ என்று கேளுங்கள். பார்வையற்றவர்கள் உங்களிடம் நேரில் சொல்லலாம் அல்லது மெசேஜ் அனுப்பலாம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

கேட்பவர்களுக்கு இரண்டே வாசல்: ‘எனக்குப் பதிந்த இடம் இது’, ‘எனக்குப் புரியாத இடம் இது’. ‘பாவம்’, கைதட்டல், அறிவுரை மூன்றும் கிடையாது. ‘இது என் கதையாக இருந்தால்…’ என்று ஆரம்பித்துப் பேசும் அமெரிக்கப் பழக்கம் ஒன்று உண்டு. நம் வகுப்பில் அது ‘நானா இருந்தா அப்பவே நாலு கேள்வி கேட்டிருப்பேன்’ என்று போய்விடும். விட்டுவிடுங்கள்.

எழுத்து 200 முதல் 230 சொல்லுக்குள். ஆங்கிலக் கையேடுகள் 250–375 என்று போட்டிருக்கும், அதை அப்படியே எடுக்காதீர்கள். ‘வரவேண்டியிருந்ததால்’ என்பது நமக்கு ஒரு சொல். 350 தமிழ்ச் சொல்லை இரண்டரை நிமிடத்தில் வாசித்தால் ஏலம் விடுவது போல இருக்கும்.

ஒலிவாங்கி

ஒலிப்பதிவிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் படம் சுமாராக இருந்தால் பார்த்துவிடுவார்கள், குரல் கேட்கவில்லை என்றால் மூடிவிடுவார்கள்.

தனி மைக் தேவையில்லை. ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து 15–20 செ.மீ. தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் ப, ம்ப வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். அந்த இரைச்சலை அப்புறம் மென்பொருளில் நீக்கினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஆகும். காலி வகுப்பறை எதிரொலிக்கும். புத்தக அலமாரிகளுக்கு நடுவே லைப்ரரியில் ஒரு மூலை, அல்லது ஹாஸ்டல் அறையில் மெத்தையைச் சுவரோடு சாய்த்து அதன் முன்னால் உட்கார்வது நல்லது. பத்து விநாடி பேசி, ஹெட்ஃபோனில் கேட்டு, பிறகு முழுதாக எடுக்கவும். பத்திக்கு ஒரு பதிவாக எடுத்தால் தவறிய பத்தியை மட்டும் திரும்ப எடுக்கலாம். திக்கல் உள்ளவருக்கும் இது அழுத்தத்தைக் குறைக்கும். அவர் திக்கல் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், வெட்டச் சொன்னால் வெட்டுங்கள். நீங்களாக ‘சுத்தம்’ செய்யாதீர்கள்.

எழுதி வைத்ததைப் படித்தால் செய்தி வாசிப்பு ஆகிவிடும். வட்டத்தில் சொன்னதையே ஃபோனில் பதிந்து, அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நெல்லைப் பேச்சு, கொங்குப் பேச்சு, சென்னைப் பேச்சு எதையும் திருத்த வேண்டாம்.

பார்வையற்ற மாணவர்களுக்கு இரண்டு விஷயம் முன்கூட்டியே சரியாக வேண்டும். முதலாவது, நீங்கள் கொடுக்கும் தாள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஃபைலை என்விடிஏ (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) திறந்தால் சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளாகப் படிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப், வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் அறிவிப்புப் படம் இரண்டும் அதற்கு வெற்றுத் தாள். யூனிகோடில் தட்டிய வேர்டு ஃபைல் கொடுங்கள், அல்லது மெசேஜாகவே அனுப்புங்கள். என்விடிஏ இலவசம், தமிழ்க் குரல் அதோடே வரும். ஆண்ட்ராய்டு ஃபோனில் இதே வேலையைச் செய்யும் டாக்பேக்குக்கு கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது.

இரண்டாவது, பதியும்போது எழுத்தை எப்படிப் பார்ப்பது என்பது. பலர் மனப்பாடமாகவே சொல்வார்கள். இல்லையென்றால் வரி வரியாக இன்னொரு ஃபோனில் பதிந்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டி, கேட்டுக் கேட்டுச் சொல்லலாம். ஒலியளவு குறைவாக வைக்க வேண்டும், கூடினால் மைக்கில் கசியும். பிரெயிலில் படிப்பவர் என்றால் தாளுக்குக் கீழே துண்டு விரித்துவிடுங்கள். தாள் மேசையில் உரசும் சத்தம் பதிவில் பூதாகரமாகக் கேட்கும்.

எடிட்டிங்கில் ஃபோன் ஆப்களை நம்ப வேண்டாம். பெரும்பாலானவற்றில் பொத்தான்களுக்குப் பெயரே இருக்காது, டாக்பேக் ‘பட்டன், பட்டன்’ என்று சொல்லிக்கொண்டே போகும். லேபில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரைப் போடுங்கள். முழுக்கக் கீபோர்டிலேயே ஓடும்: ஆர் அழுத்தினால் பதிவு, ஸ்பேஸ் அழுத்தினால் ஓட்டம். இதை வைத்து என் யோசனை: ஒலி மட்டும் உள்ள கதையையும் வீடியோவுக்குச் சமமான வடிவமாக 42 பேருக்கும் திறந்துவிடுங்கள். பார்வையற்ற இருவருக்கு மட்டும் ‘சலுகை’ என்று வைத்தால் அது விலக்கின் தம்பிதான். திறந்துவிட்டால் கேமராவில் முகம் காட்ட விரும்பாத இன்னும் சிலரும் அதை எடுப்பார்கள்.

அவர்கள் வீடியோதான் செய்ய வேண்டும் என்றால் செய்யட்டும். பார்வையுள்ள நண்பர் ஒவ்வொரு படத்தையும் வர்ணிக்கட்டும், தேர்வு கதை சொல்பவருடையது. நண்பர் ‘இது நல்லா இருக்கு’ என்று சொல்லக்கூடாது, ‘இடப்பக்கம் ஜன்னல், நடுவில் சைக்கிள், நீ படத்தில் இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

படங்கள் 8 முதல் 12 போதும், ஒன்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபது விநாடிக்குள். எல்லா வீடியோவுக்கும், யாருடையதாக இருந்தாலும், தமிழ் வசன வரி (சப்டைட்டில்) கட்டாயம். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரியில் முப்பது எழுத்தைத் தாண்டினால் ஃபோன் திரையில் படிக்க முடியாது. வசன வரிகள் உள்ள எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்கவும், இல்லையென்றால் முழுவதும் கேள்விக்குறியாக வரும். சில எடிட்டர்களில் ‘கொ’ என்பது உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகத் தொங்கும். அப்போது வரிகளை பவர்பாயின்டில் தட்டிப் படமாகச் சேமித்து மேலே ஒட்டிவிடுவதே குறுக்கு வழி. அழகில்லை, ஆனால் உடையாது.

காலக்கெடு பற்றி ஒன்று. ஸ்க்ரைப் (சொல்வதை எழுதித் தருபவர்) வைத்துத் தேர்வு எழுதுபவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. எடிட்டிங்குக்கும் அதே விகிதத்தைப் போட்டு, எல்லோருக்கும் மூன்று நாள் என்றால் இவர்களுக்கு நான்கு என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். கடைசி நாளில் வந்து கெஞ்ச வைக்காதீர்கள்.

மூன்றாம் பெஞ்ச்

மேலே உள்ள இருவரும் மார்க்கைத் தொடவில்லை, அதனால் நான்.

சொந்தக் கதைக்கு மார்க் போடவே கூடாது என்பது என் கட்சி. செய்தால் முழு மார்க், செய்யாவிட்டால் இல்லை. தரம் பிரித்தால் கண்ணீர் அதிகமாக வரும் கதைக்கு மார்க் ஏறும். மாணவர்கள் இதை இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த பேட்ச் அதற்குத் தக்கபடி எழுதும்.

யூட்யூப் பற்றி. நாக்கின் ஏழாவது அளவுகோலில் ‘பெஸ்ட் பிராக்டிஸ்’ எழுத மாணவர் முகம் தேவையே இல்லை. கேள்வித்தாள், கால அட்டவணை, சம்மதப் படிவத்தின் வெற்றுப் பிரதி, எத்தனை பேர் எந்த வடிவத்தை எடுத்தார்கள் என்ற கணக்கு ஆகியவையே ஆதாரம். இதை எழுத்தில் ஐக்யூஏசிக்குக் கொடுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அதற்குப் பிறகும் சிலர் தாங்களாகவே வெளியிட விரும்பினால் படிவம் ஒரே ‘ஆம்/இல்லை’யாக இருக்கக்கூடாது. நான்கு படி: குழுவுக்குள் மட்டும், வகுப்புக்குள், கல்லூரி அரங்கில் ஒருமுறை திரையிடல், இணையம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து. எதிலும் கையெழுத்துப் போடாமல் விடுவதும் ஒரு பதில்தான் என்று படிவத்திலேயே அச்சிடுங்கள். எப்போது வாங்குவது என்பது இன்னும் முக்கியம். வேலை ஆரம்பிக்கும் முன் வாங்கும் சம்மதம் செல்லாக்காசு, இன்னும் என்ன கதை வரப்போகிறது என்று அவருக்கே தெரியாது. வீடியோ முடிந்து, இன்டர்னல் மார்க் போர்டில் ஒட்டிய பிறகு கேளுங்கள். மார்க் கையில் இருக்கும் ஆசிரியரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல 18 வயதில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்? முடிந்தால் பாடம் எடுக்காத ஒருவர் கேட்கட்டும்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. யூட்யூபில் ‘அன்லிஸ்டட்’ என்று போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு, லிங்க் கிடைத்தவர் எல்லோரும் பார்க்கலாம், ஃபார்வர்டும் செய்யலாம். ‘பிரைவேட்’ வேறு, அதில் மின்னஞ்சல் கொடுத்து அழைத்தவர் மட்டும் பார்ப்பார். அதையும் இன்னொரு ஃபோனில் படம் பிடிக்கத் தடையில்லை. அழித்துவிடலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவோம், வெளியே பரவியதைத் திரும்பப் பெற முடியாது’ என்று உள்ளதை எழுதுங்கள்.

கதையில் வரும் மற்றவர்களும் இருக்கிறார்கள். அம்மாவின் முகம், முன்னாள் தோழியின் பெயர். அவர்களிடம் கேட்காமல் வகுப்பைத் தாண்டி எதுவும் போகக்கூடாது.

சுண்ணக்கட்டி

மூவருக்கும் நன்றி. மூன்றாம் பெஞ்ச், முழு மார்க் யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் எங்களுக்கு இன்டர்னல் 25, அதில் இந்த வேலைக்கு 10. எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டால் துறைத்தலைவர் ஒப்புக்கொள்ள மாட்டார், பிரித்துக் காட்டச் சொல்வார்.

இரண்டு சந்தேகம் மீதி. காது கேளாத மாணவர் சைகை மொழியில்தான் நன்றாகச் சொல்வார், எழுத்துத் தமிழ் கொஞ்சம் தடுமாறும். அவரை முதலில் தமிழில் எழுதச் சொல்லலாமா? அடுத்தது, வட்டத்தில் யாராவது பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டால், உதாரணத்துக்கு வீட்டில் நடந்த வன்முறை, என்ன செய்ய வேண்டும்?

கைமொழி

முதலில் தமிழில் எழுதச் சொல்லாதீர்கள். எழுதிவிட்டு அதைச் சொல்லுக்குச் சொல் சைகையாக்கினால் அது சைகை மொழியே இல்லை. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம், கேள்வியும் மறுப்பும் புருவத்திலும் தலையசைவிலும் இருக்கும். வரிசை இப்படி இருக்கட்டும்: அவர் சைகையில் சொல்வது, வீடியோவாகப் பதிவது, மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து அதிலிருந்து தமிழ் வசன வரி எழுதுவது, அவர் படித்து ‘நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்வது. கடைசிப் படியை நேரமில்லை என்று தவிர்ப்பார்கள், அங்கேதான் கதை கைமாறிப்போகும். மொழிபெயர்ப்பாளர் நல்ல மனசோடு அழகாக எழுதிவிடுவார், அது அவர் கதையாகிவிடும்.

பதியும்போது தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை சட்டத்துக்குள். கை விரியும் இடம் பக்கவாட்டில் வெட்டுப்படக்கூடாது, அதனால் ஃபோனைப் படுக்க வையுங்கள். பின்னால் வெற்றுச் சுவர். சட்டை ஒரே நிறம், கையின் நிறத்திலிருந்து மாறுபட்டது. கோடு போட்டது, கட்டம் போட்டது வேண்டாம். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். முகம் தெரியவில்லை என்றால் பாதி இலக்கணம் போச்சு. இவரது படத்தில் கதை ஓடும்போது குறுக்கே ஃபோட்டோக்களைப் போடாதீர்கள், கையை மறைக்கும். இடைவெளிகளில் போடலாம். எழுத்தும் கீழே, கைக்கு எட்டாத இடத்தில்.

பார்வையற்ற இரு மாணவர்களும் இந்தக் கதையைக் கேட்க வேண்டுமே, அதற்கு ஒரு குரல் வேண்டும். யாருடைய குரல் என்பதை அவரே முடிவு செய்யட்டும்: ஆணா பெண்ணா, எந்த வட்டாரப் பேச்சு, கிண்டலாகவா நிதானமாகவா. அவருக்குக் கேட்காது என்பதால் வகுப்பில் கணீரென்று பேசும் ஒருவரை நீங்களே போட்டுவிடாதீர்கள். அவர் நம்பும் ஒருவர் குரலைக் கேட்டுச் சொல்லட்டும்.

வட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவரை உட்கார வைக்க வேண்டாம், நண்பர் சுருக்கிச் சொல்வது கணக்கில்லை. இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் சைகை மொழிபெயர்ப்புப் பட்டயம் பெற்றவரைத் தேடுங்கள். அவரும் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். 90 நிமிடத்துக்கு ஒருவர் போதாது. இருவர் இருந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். ஒருவர்தான் கிடைத்தார் என்றால் நடுவில் இரண்டு முறை ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள், களைத்துப்போனால் வாக்கியங்கள் விழும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், பேசுமுன் கையைத் தூக்க வேண்டும், எல்லோரும் அரைவட்டமாக அவர் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். பார்வையற்றவர் அதே குழுவில் இருந்தால் கை தூக்குபவர் பெயரையும் சொல்லட்டும். சிரமம் ஒன்றும் இல்லை, இரண்டாவது சுற்றில் பழகிவிடும்.

சொற்களைப் பற்றி ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. அவர் தன்னை ‘காது கேளாதவர்’ என்று சொன்னால் நீங்கள் ‘செவித்திறன் குறைபாடு உடையவர்’ என்று திருத்தி வசன வரியில் போடாதீர்கள். மரியாதை என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் அதில்தான் ‘குறை’ என்ற சொல்லே வருகிறது. ‘மாற்றுத்திறனாளி’ பிடித்தவரும் உண்டு, பிடிக்காதவரும் உண்டு. வகுப்பில் திருநங்கையோ திருநம்பியோ இருந்தாலும் இதே விதிதான். தமிழக அரசு 2022-ல் இவர்களைக் குறிக்கும் சொற்பட்டியல் ஒன்று வெளியிட்டது, பேசத் தெரியாமல் விழிப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட சொல்லுக்கு மேல் எந்தப் பட்டியலும் இல்லை.

வட்டமேசை

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அதுதான் உங்கள் கையைக் கட்டக்கூடியது.

‘இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது’ என்று முதல் நாள் சொல்லிவிடாதீர்கள். அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. வகுப்பில் 17 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். 18-க்குக் கீழ் உள்ள ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆசிரியருக்கும் சேர்த்துத்தான். ஆகவே வட்டம் ஆரம்பிக்கும் முன் இப்படிச் சொல்லுங்கள்: ‘கேட்டதை நாங்கள் யாரிடமும் பேச மாட்டோம். ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்றாலோ, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று பட்டாலோ நான் சும்மா இருக்க முடியாது, உங்களிடம் சொல்லிவிட்டே அடுத்த வேலையைச் செய்வேன்.’ இதைக் கேட்டபிறகு எதைச் சொல்வது என்று அவர்களே எடைபோடுவார்கள்.

கூடவே, ஆறிய காயத்தைச் சொல்லுங்கள், இன்னும் ரத்தம் வருவதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பதையும் சேர்க்கவும். சொல்லும்போது உடைந்துவிட்டால் வட்டத்தை நிறுத்தி, ‘தொடரவா, இத்தோடு விடலாமா?’ என்று அவரிடமே கேளுங்கள். இன்னொரு ஆசிரியரின் ஃபோன் ஆனில் இருக்கட்டும், கல்லூரி ஆலோசகர் அந்த நாளில் வளாகத்தில் இருக்கிறாரா என்று பார்த்து அமர்வை வையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். கேள்வித்தாளின் அடியில் அச்சிட்டால் யார் குறித்துக்கொள்கிறார் என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

18 ஆகாதவர்களின் வீடியோவை இணையத்தில் ஏற்றவே வேண்டாம். தரவுச் சட்டப்படி பெற்றோர் சம்மதம் வேண்டும். அதை வாங்கப் போனால் பெற்றோருக்குக் கதையைக் காட்ட வேண்டியிருக்கும். சில கதைகள் அவர்களுக்குக் காட்டவே எழுதப்பட்டிருக்காது.

பத்து மார்க்கை இப்படிப் பிரித்துப் பாருங்கள், மூன்றாம் பெஞ்ச் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். முதல் வரைவு நாளுக்குள் வந்ததற்கு 2. முதல் வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையில் என்ன மாற்றினேன், ஏன் என்று ஐந்து வரி எழுதியதற்கு, அல்லது பேசியோ சைகையிலோ பதிந்ததற்கு 3. நேர அளவு, வசன வரி அல்லது ஒலி வர்ணனை சரியாக இருப்பதற்கு 3. வட்டத்தில் மற்றவர் கதைக்கு விதிப்படி பதில் சொன்னதற்கு 2. உச்சரிப்பு, ‘தூய தமிழ்’, ‘தாக்கம்’ என்ற தலைப்புகளே வேண்டாம். துறைத்தலைவர் கேட்டால் காட்ட வரைவுகள் இருக்கும், கதையைக் காட்டத் தேவையில்லை.

திரையிடலுக்கு 42 கதையும் வந்தால் 105 நிமிடம் ஆகும், இரண்டு பீரியடில் அடங்காது. எல்லோரும் காட்ட மாட்டார்கள், ஆனாலும் இரண்டு நாளாகப் பிரியுங்கள். வரிசையை அவர்களே சீட்டுப் போட்டு எடுக்கட்டும். பார்வையற்றவர் கதை முதலிலோ கடைசியிலோ ‘சிறப்பு’ என்று வராமல் சீட்டு எங்கே போடுகிறதோ அங்கே வரட்டும்.

ஃபைல்களை வாட்ஸ்ஆப் குழுவில் வாங்காதீர்கள். ஒரு பென்டிரைவ், ஃபைல் பெயரில் மாணவர் பெயர் இல்லாமல் ஓர் எண், பெயர்–எண் பட்டியல் உங்கள் மேசை டிராயரில். லேப் கம்ப்யூட்டர்களின் டவுன்லோடு ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் ஆறாவது வாரக் கடைசியில் நீங்களே உட்கார்ந்து காலி செய்யுங்கள். அடுத்த பேட்ச் வந்து திறப்பது அங்கேதான்.